அட்வான்ஸ் யார் கட்டுவது?

இரவு மணி பதினொன்றரை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞனின் வலது கை, கண்மூடித் திறப்பதற்குள் அச்சில் சிக்கிவிடுகிறது. கூட வேலை செய்கிறவன் கைக்குட்டையைச் சுற்றி, ஆட்டோ ஒன்றைப் பிடித்து, எதிரே விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த முதல் ஆஸ்பத்திரிக்குள் அவனைக் கொண்டுபோய் இறக்குகிறான். நர்சு ஓடி வருகிறார். கட்டுப் போடுகிறார்கள். ரத்தம் கொஞ்சம் நிற்கிறது. அப்புறம்தான் கதை ஆரம்பம்.

"யாருப்பா பேஷண்டோட வந்தது?"

"நான்தான் சார். ஒரே ரூம்ல இருக்கோம்."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"எல்லாரும் ஊர்ல இருக்காங்க சார்."

"ஆபரேஷன் செய்யணும். இப்போதைக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டிடு."

"காலையில முதலாளி வந்துடுவாரு சார்..."

"அப்படின்னா ஜி.எச்.சுக்குக் கொண்டுபோயிடு, தம்பி. இங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா உனக்குத்தான் நேரமாகும்."

இது ஏதோ ஒரு நாள், ஒரு மனிதனுக்கு நேர்ந்த சம்பவம் அல்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பட்டறை வேலைக்குப் போகிற எவரைக் கேட்டாலும், பெயரையும் தொகையையும் மாற்றி இதே கதையைச் சொல்வார்கள். அந்தக் கவுண்ட்டரில் இருக்கிறவர் கல்நெஞ்சக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. பணம் வராமல் போனால் மாதக் கடைசியில் அவரைத்தான் நிர்வாகம் கேட்கும். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தான். தவறு அவரிடத்தில் இல்லை. அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் அந்த இளைஞனிடம் கேட்கும்படி வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் தவறு இருக்கிறது.

வள்ளுவர் கணக்கில் நாலு பேர்

மருத்துவத்துக்கு வேண்டியவை நான்கு என்று கணக்கிட்டார் வள்ளுவர். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். அட்வான்ஸ் கட்டுகிறவன் என்று ஐந்தாவதாக ஒருவனை அவர் சேர்க்கவில்லை. இன்றைய ஆஸ்பத்திரியில் அந்த ஐந்தாவது ஆள் வந்து சேரும் வரையில் மற்ற நாலும் கைகட்டிக் காத்திருக்கின்றன.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். பேஷாக இருக்கிறது. ஸ்கூட்டரில் வந்தவர் ஒருவர் விபத்தில் அடிபட்டார். பக்கத்து ஆஸ்பத்திரியில், "இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க அதிகாரமில்லை" என்று சொல்லி, இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சர்க்கார் டாக்டரானாலும் சரி, தனியார் டாக்டரானாலும் சரி, உயிரைக் காப்பது முதல் கடமை. போலீஸ் சடங்குகளெல்லாம் அப்புறம்தான் என்று நீதிபதிகள் அடித்துச் சொன்னார்கள்.

மேற்கு வங்காளத்தில் நடந்த இன்னொரு வழக்கு இதைவிடப் பாடம் நிறைந்தது. 1992இல் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். "இங்கே வசதி இல்லை", "படுக்கை இல்லை" என்பதே எல்லா வாசலிலும் பதில். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, சுமார் 17,000 ரூபாய் செலவழிந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னதோடு, அவசர சிகிச்சை கொடுக்காமல் விடுவது உயிர் வாழும் உரிமையையே பறிப்பதாகும். பணமில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆக, சிகிச்சை கொடுத்தே தீரவேண்டும் என்பது முடிந்துபோன விவகாரம். முடியாமல் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது?

கட்டளை மட்டும் போதாது

அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும், காசு இருக்கிறதா என்று பார்க்காமல், ஆபத்து நீங்கும் வரையில் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் செலவை யார் ஏற்பது என்பதை அது சொல்லவில்லை. விளைவு என்ன? உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனவனைத் தேடி மலைபோல் பில் வந்து சேர்கிறது. வாசலில் விரட்டுவது நின்றது; வீட்டு வாசலுக்கு வந்து வசூலிப்பது தொடங்கியது.

பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, கவுண்ட்டரையே எடுத்துவிட்டு வரிப்பணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்திலுள்ள இலங்கையிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டணம் கிடையாது. 2016இல் இந்தியாவின் உதவியோடு அங்கே தொடங்கிய "1990" ஆம்புலன்சுக்கும் காசு கிடையாது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடும் 108 வண்டியும் அப்படித்தான். வண்டி இனாம். வண்டி நிற்கும் வாசலைத் தாண்டினால்தான் வில்லங்கம்.

வழிகாட்டிய 48 மணி நேரம்

இந்த வில்லங்கத்தில் ஒரு பாதியைத் தமிழ்நாடு தீர்த்து வைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற திட்டம் அது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவைச் சர்க்காரே ஏற்கும். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரையில், 81 வகைச் சிகிச்சைகள், சர்க்காரும் தனியாருமாக 609 ஆஸ்பத்திரிகள் என்று வரையறுத்தார்கள்.

அதன் உண்மையான சிறப்பு தொகையில் இல்லை. "நீ யார்?" என்று கேட்காததில் இருக்கிறது. ஏழையா, பணக்காரனா, இந்த ஊரா, வெளி ராஜ்யமா, வெளிநாடா என்ற விசாரணை கிடையாது. சாலையில் அடிபட்டாயா, வா உள்ளே. அவ்வளவுதான்.

மத்திய சர்க்காரும் பின்னால் வந்தது. இதற்கான பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இலேயே சேர்ந்துவிட்டது, திட்டம்தான் வரவில்லை. சாலைப் பாதுகாப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் 2012 முதல் வழக்காடி வந்தவர், கோயம்புத்தூர் எலும்புச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில் 2025 ஜனவரியில் கோர்ட் கெடு வைத்த பிறகு, மே 5ஆம் தேதி திட்டம் அமலுக்கு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இன்சூரன்ஸ் உள்ள வண்டியானால் பணம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் போடும் நிதியிலிருந்து வரும். மோதிவிட்டு ஓடிய வண்டியானால் சர்க்கார் கொடுக்கும்.

பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் பூந்தமல்லிப் பக்கத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. திருவள்ளூர் நெடுஞ்சாலை, பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக லாரியும் சைக்கிளும் உரசிக்கொள்ளப் போகிறது. இந்த வட்டாரத்துக்கு இத்திட்டங்கள் எத்தனை பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாசலுக்கு உள்ளே விழுந்தால்?

இப்போது நம் பிரஸ் தொழிலாளியிடம் திரும்புவோம். அவன் பட்டறை வாசலைத் தாண்டி, தெருவில் லாரியில் அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாளுக்கு ஒருவரும் அட்வான்ஸ் கேட்டிருக்கக் கூடாது. வாசலுக்கு நாலடி உள்ளே அடிபட்டதுதான் அவன் செய்த குற்றம்! அதே கை, அதே ரத்தம், அதே ஆஸ்பத்திரி. கணக்கு மட்டும் வேறு.

"தொழிலாளிக்குத்தான் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1948இல் வந்த நல்ல ஏற்பாடு. அயனாவரத்தில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றே கால் ரூபாயும் கட்டவேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் பங்கு 112 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து அறுநூறு ரூபாய். இந்த அறுநூறு ரூபாய்க்காகக் காண்டிராக்டர் பெயரைப் பதியாமல் விட்டுவிடுகிறார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்கோ இது பொதுவாகக் கட்டாயமே இல்லை. தொழிற்பேட்டையின் உட்சந்துகளில் நாலு மெஷின், ஏழு ஆள் என்று ஓடும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும்.

"முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே" என்பார்கள் வேறு சிலர். அதுவும் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று பிறந்து, 2012இல் பெயரும் உருவமும் மாறி, 2018இல் மத்திய திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் கிடைக்கும். எத்தனையோ ஏழைக் குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதில் சேரக் குடும்ப ஆண்டு வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 72,000 ரூபாயாக இருந்தது 1,20,000 ஆக உயர்ந்தது. அதாவது மாதம் பத்தாயிரம். நம் தொழிலாளி மாதம் 15,000 வாங்குகிறவன். காகிதத்தில் அவன் ஏழை அல்ல! ஐம்பதாயிரம் கேட்கும் கவுண்ட்டருக்கு முன்னால் அவனைவிட ஏழை யார் என்று அந்தக் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும்.

போதாததற்கு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனாக இருந்தால் ரேஷன் கார்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தாயாரிடம் இருக்கும். நடுராத்திரியில் எந்தக் கிராம அதிகாரியிடம் போய் வருமானச் சர்ட்டிபிகேட் வாங்குவது?

பட்டறை விபத்து மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் அடுப்பில் புடவை பற்றிக்கொள்வதும் பாம்புக் கடியும் எந்த 48 மணி நேரத்திலும் சேரவில்லை. மாரடைப்புக்கு மட்டும் ஒரு நல்ல தொடக்கம் நடந்தது. 2023 ஜூனில் ஆரம்பித்த "இதயம் காப்போம்" திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வழியில் உயிர் தங்க அது உதவும். போய்ச் சேர்ந்த இடத்தில் அட்வான்ஸ் கேட்டால் அந்த மாத்திரைக்கு அதற்கு மேல் சக்தி இல்லை.

ஜி.எச். இருக்கும்போது என்ன கவலை?

சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்க, தனியாரிடம் ஏன் போக வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. சென்னையின் ஜெனரல் ஆஸ்பத்திரி 1664இல் கோட்டைக்குள் ஆரம்பித்தது. அறுந்த கையை ஒட்டவைப்பதில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கைச் சிகிச்சைப் பிரிவு, டாக்டர் ஆர். வெங்கடசாமி காலத்திலிருந்து நாடறிந்த பெயர் பெற்றது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம். காசு வாங்காத இந்த வாசல்களில் உள்ள திறமை, பல பளிங்கு வாசல்களில் இல்லை.

ஆனால் விபத்து நடப்பது அம்பத்தூரில். ஸ்டான்லி இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் உண்டு. மண்டைக்குள் ரத்தக் கசிவு, நரம்பும் ரத்தக்குழாயும் ஒட்டும் ஆபரேஷன் என்றால் அங்கிருந்தும் பட்டணத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. முதலில் தனியார் வாசல், அங்கே ஒரு மணி நேரப் பேரம், பிறகு வண்டி, பிறகு வரிசை. அறுந்த விரலுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. இது பட்டறைக்காரர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தச் சில மணி நேரத்தில் ஒன்றைப் பேரத்துக்குத் தின்னக் கொடுப்பது பெரும் பாவம்.

ஆஸ்பத்திரிக்காரர் பக்கம்

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்ல வார்த்தை உண்டு. டாக்டருக்கும் நர்சுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆக்சிஜனும் ரத்தமும் மின்சாரமும் இனாமாக வரவில்லை. "தர்மத்துக்குப் பார் என்று கட்டளையிட்டுவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொண்டால், ஒரு வருஷத்தில் நாங்களே பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்" என்கிறார்கள். சர்க்கார் திட்டங்களில் கொடுக்கும் தொகை குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது என்பது அவர்களுடைய பழைய புகார்.

இதை ஒதுக்கிவிட முடியாது. கடைக்காரரைப் பார்த்து, "பசித்தவனுக்கு அரிசி கொடு" என்று சட்டம் போட்டுவிட்டு அரிசிக்குக் காசு தராமல் இருந்தால், கடை மூடும். பசித்தவனுக்கும் அரிசி கிடைக்காது. ஆனால் இன்னொன்றையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் வருமா என்ற கவலை ஆஸ்பத்திரிக்கும் சர்க்காருக்கும் நடுவே உள்ள கவலை. அதைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடப்பவன் நெஞ்சில் வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

உயிர் முதலில், கணக்குப் பிறகு

செய்யவேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய ஒன்றல்ல. சாலை விபத்துக்குச் செய்ததைப் பட்டறைக்கும் வீட்டுக்கும் வயலுக்கும் நீட்டினால் போதும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், முதல் 48 மணி நேரச் செலவு சர்க்காருடையது. காரணம் லாரியா, பிரஸ்ஸா, பாம்பா, இதயமா என்ற கேள்வி வாசலில் வேண்டாம்.

செலவு அதிகமாகுமே என்றால், அந்தச் செலவு முழுவதும் சர்க்கார் தலையில் நிற்க வேண்டியதில்லை. பாத்தியதை உள்ளவனிடம் பிறகு வசூல் செய்யலாம். தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டம் 1923இலேயே வந்தது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான வைத்தியச் செலவை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்று 2009இல் அதில் சேர்த்தார்கள். ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டாமல் ஏமாற்றிய முதலாளியிடம் செலவை வசூலிக்கவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கவேண்டியவன் இல்லாமல் இல்லை. அவனைத் தேடிப் பிடித்து வழக்காடும் வேலை இன்று கை போன தொழிலாளியிடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு கையால் மனு எழுதி, மாதக்கணக்கில் தொழிலாளர் அலுவலகப் படியேற அவனால் முடியுமா? சர்க்காரால் முடியும். வரி பாக்கியை வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாக்கியை வசூலிக்கவா தெரியாது?

ஆஸ்பத்திரிக்குச் சேரவேண்டிய பணம் நாள் குறித்துச் சேரவேண்டும். தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். அதேபோல், பொய்க் கணக்கு எழுதும் ஆஸ்பத்திரியைத் திட்டத்திலிருந்தே நீக்கவேண்டும். இல்லாத நோயாளிக்கு இல்லாத ஆபரேஷன் செய்து பணம் வாங்கும் சாமர்த்தியசாலிகள் எந்தத் திட்டத்திலும் முளைப்பார்கள். களை முளைக்கும் என்று யாரும் பயிர் வைக்காமல் இருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலிலும் ஒரு போர்டு தொங்கவேண்டும். தமிழிலும், தெலுங்கிலும், இந்தியிலும்: "அவசர சிகிச்சைக்கு இங்கே முன்பணம் கேட்கப்படாது." உரிமை இருந்து பயனில்லை, இருக்கிறது என்று தெரியவேண்டும். சாலை விபத்துக்கு இன்றே இருக்கும் உரிமையை அறியாமல் நகையை அடகு வைப்போர் எத்தனை பேரோ!

ஆவடியின் நினைவு

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே நாட்டின் லட்சியம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதன் பிறகு அந்த மண்ணில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வயலும் தோப்புமாக இருந்த இடங்களுக்கு நாலு ராஜ்யத்து இளைஞர்கள் வயிற்றுப் பிழைப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கைபட்டுச் செய்த சாமான் இல்லாமல் இன்று நாட்டில் ஒரு மோட்டாரும் ஓடாது.

சமதர்மம் என்ற பெரிய வார்த்தைக்கு அவரவர் அவரவர்க்குத் தோன்றிய பொருளைச் சொல்லட்டும். குறைந்தபட்சப் பொருள் ஒன்று உண்டு. அந்தக் கை அச்சில் சிக்கினால், அது நம் எல்லோருடைய கை என்று நினைக்க வேண்டும்.

"யார் கட்டுவது?" என்ற கேள்வி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை இரவு பதினொன்றரைக்கு, ரத்தக் கறை படிந்த சட்டையோடு நிற்கும் ரூம் சிநேகிதனிடம் கேட்கக்கூடாது. மறுநாள் காலை பத்து மணிக்கு, மேஜையும் நாற்காலியும் போட்டு, முதலாளியையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சர்க்காரையும் எதிரே உட்காரவைத்து, சாவகாசமாகக் கேட்கலாம்.

அதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கவேண்டும்.